ஒரு திருகு அதிகம்

விசிறி அரைச் சுற்றுச் சுற்றும், நிற்கும்.
வாசல்வரை வந்தவன் எதையோ நினைத்துத்
திரும்பிப் போவதுபோல.
மறுபடி அழுத்துகிறேன். அரைச் சுற்று.
மறுபடி.

செவ்வாய்க்கிழமை இடியில் பழைய மதர்போர்டு கருகியது.
க்ரே தெருக் கடையில் புதியது என்றுதான் விற்றார்கள்;
ஓரத்தில் யாருடையதோ ஒரு கட்டைவிரல் ரேகை.
நானேதான் பொருத்தினேன்,
சாட்ஸ்வர்த்தில், யூனிட் ஐந்தில், சாப்பாட்டு மேசையில்,
மாங்காய் ஊறுகாயை ஓரம் தள்ளிவிட்டு.

நாளை வெள்ளி.
இருபத்து மூன்று தையல்காரிகளின் சம்பளம்
இந்தத் தகரப் பெட்டிக்குள் கிடக்கிறது.
பத்து மணிக்கு மின்வெட்டு, இரண்டரை மணி நேரம்.
இப்போது எட்டு ஐம்பது.

ராமைக் கழற்றி அழிப்பானால் தேய்த்துச் சொருகினேன்.
டக் என்றது. அவ்வளவுதான் பேசியது.
கிராபிக்ஸ் கார்டைப் பிடுங்கினேன். ஹார்டு டிஸ்க்கைப் பிடுங்கினேன்.
ஒரு ராண்ட் நாணயம்போல் இருந்த பேட்டரியை எடுத்து
இருநூறு எண்ணி வைத்தேன்.
சுவிட்சே வேண்டாமென்று
ஸ்க்ரூட்ரைவர் முனையால் இரண்டு ஊசிகளைத் தொட்டேன்.
அரைச் சுற்று.

"ஏதாவது வயர் விட்டுப்போயிருக்கும்" என்றார் தேவராசன்,
கதவில் சாய்ந்துகொண்டு, டீயோடு.
விட்டுப்போகவில்லை. மூன்று முறை எண்ணியாயிற்று.
எண்ணாதது அவருடைய டீயை மட்டும்தான்.

ஒன்பது மணிக்குத் தாண்டேகா போன் செய்தாள்.
சம்பளம் கேட்கத்தான், ஆனால் கேட்கவில்லை.
நாற்பது ஜாக்கெட் திரும்பி வந்த கதையைச் சொன்னாள்:
துணி சரி, நூல் சரி, பட்டன் சரி,
காலருக்குள் எவளோ குண்டூசியை எடுக்காமல் தைத்துவிட்டாளாம்.
"ஹாவ்! ஒரு குண்டூசி, சோலா!"
நான் உம் கொட்டினேன்.
பிறகு உம் கொட்டுவதை நிறுத்தினேன்.

போர்டை முழுதாக வெளியே எடுத்தேன்.
தகரத்தின்மேல் பித்தளைத் தாங்கிகள், பத்து.
போர்டில் துளைகள், ஒன்பது.
பத்தாவது, பழைய போர்டுக்குக் காலாக நின்றது,
எழுந்து போகச் சொல்ல யாருமில்லாமல்
புதியதன் முதுகில் குத்திக்கொண்டிருந்திருக்கிறது.
இவ்வளவு நேரமும்
இல்லாததைத் தேடினேனே.

ஒன்பது நாற்பத்தொன்று. விசிறி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி
நிற்க மறந்தது. ஒரு சின்ன பீப்.
திரையில் ஏதோ ஒரு பழைய ஜனவரி முதல் தேதி.
தாண்டேகா இன்னும் வேலைக்குச் சேராத தேதி,
யாருக்கும் நான் எதுவும் தர வேண்டாத தேதி.
ஒரு நிமிடம் அதில் இருந்தேன்.
பிறகு இன்றைய தேதியை அடித்தேன்.

பதினேழு சீட்டுகள் அச்சாகி விழுந்தன.
பதினெட்டாவது பாதி வந்தபோது தெரு முழுதும் அணைந்தது.
பிரிண்டரின் பல்லில் அகப்பட்ட பெயர்
இருட்டில் யாருடையதென்று தெரியவில்லை.

தேவராசன் தூங்கிவிட்டார்.
பன்னிரண்டரை ஆக இன்னும் நேரமிருக்கிறது.
உள்ளங்கையில் அந்தத் திருகு
என் சூட்டில் மெல்லச் சூடாகிறது.