ஆளு வரணும்

பதினாறு நாள் படிப்பு. தினமும் மூன்று பதிவு,
பதிவுக்கு ஐந்து மதிப்பெண்.
ஊத்ரெக்ட்டிலிருந்து வந்த ஒன்பது பேருக்கும்
பாடத்திட்டத்தில் அப்படி அச்சாகியிருந்தது.
எனக்கு எதுவும் அச்சாகவில்லை.
நாளுக்கு எண்ணூறு ரூபாய், மதியச் சாப்பாடு,
வடசேரியிலிருந்து பஸ் காசு என்று வாய்ப்பேச்சு.
வேலை, இந்தப் பக்கத்து வாயை
அந்தப் பக்கத்துக் காதில் வைப்பது.

கடியப்பட்டணம், காலை ஒன்பதரை.
ஐஸ் உருகி ஓடிய தடத்தில் உட்கார்ந்திருந்தாள் டெல்பின்.
முன்னால் இரண்டு பெட்டி சாளை.
முகம் கடலைப் பார்த்து.
வெயில் ரோட்டுப் பக்கமிருந்து அடித்தது,
அதனால்தான் கடலைப் பார்த்து.

இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள் ஃபெம்கெ.
'ஆளு வரணும் மோளே. வந்தாத்தான் எழும்ப முடியும்.'

தன் ஆளுக்காகக் காத்திருக்கிறாராம், என்றேன் ஆங்கிலத்தில்.

'தன்' அவள் சொன்னதில்லை. நான் வைத்தது.
மீனெடுக்க மார்த்தாண்டத்திலிருந்து வருகிற வண்டிக்காரனும் ஆளு,
தாலி கட்டினவனும் ஆளு,
வாடகைக்கு வாய் கொடுக்கிற நானும் ஒரு ஆளு.
தமிழில் எல்லோரும் ஒரே வள்ளத்தில் ஏறிவிடுவோம்.
இறங்கும்போதுதான் கேள்வி வரும், நீ யாரு என்று.

அவள் இன்னும் சொன்னாள்.
ஐஸ் பிளான்டில் ரெண்டு நாளாகக் கரண்ட் இல்லை,
ரோட்டை வெட்டிப் போட்டிருக்கிறார்கள்,
வண்டி சுற்றி வருகிறது,
சுற்றின நேரத்தையெல்லாம் பெட்டி விலையில் கழிக்கிறான்.
அதையும் சொன்னேன், இந்த முறை பிசகாமல்.
ஃபெம்கெ அதற்குள் படத்துக்கு நிறம் தேடிக்கொண்டிருந்தாள்.
மணலின் கறுப்பு போய் வெள்ளியானது.
சாளைப் பெட்டி ஓரத்தில் வெட்டுப்பட்டது.
மிஞ்சியது ஒரு பெண், ஒரு கடல்,
'திரும்பாத கணவனுக்காக' என்று ஒரு வரி,
இருபத்திரண்டு ஹேஷ்டேக்.

மத்தியானத்துக்குள் பதினோராயிரம் லைக்.
பேராசிரியர் கைதட்டினார். அஞ்சுக்கு அஞ்சு.
மறைப்பானேன், எனக்கும் கொஞ்சம் பெருமைதான்:
என் ஒரு சொல்லுக்கு
எங்கெங்கோ இருப்பவர்கள் அழுகிறார்களே.

மூன்று மணிக்கு சலாலாவிலிருந்து மகன் ரெஜின்,
பக்கத்து வீட்டு நம்பருக்கு.
'அப்பா எப்பம் போனாரு? எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?'
கூட வேலை பார்க்கிறவன் காட்டியிருக்கிறான்,
இது ஒனக்க அம்மதானே என்று.

கிளீட்டஸ் அந்நேரம்
ராத்திரி கடலுக்குப் போன அலுப்பில்
கைலி விலகியது தெரியாமல் உறங்கிக்கொண்டிருந்தார்.
எழுப்பி, நீரு செத்துப்போனீராம் என்றார்கள்.
அவர் முதலில் கேட்டது:
'சாளைக்கு பைசா வந்தா?'

வீடியோவில் காட்டியும் மகன் நம்பவில்லை.
அது பழசாக இருக்கலாம்.
இன்றைய பேப்பரைப் பிடிக்கச் சொன்னான்.
டீக்கடையிலிருந்து வந்தது, வடை எண்ணெய் ஊறின பக்கம்.
அதை மார்பில் பிடித்துக்கொண்டு நின்றார்,
கடத்திக்கொண்டுபோன ஆளைப் போல.
அன்றைய பேப்பரை அந்தத் தெருவே
எழுத்தெழுத்தாகப் பார்த்தது,
தேதியை மட்டும்.

ஃபெம்கெ வாசலில் நின்று அழுதாள்.
அழிக்கக் கூடாது, திருத்தம் போடு என்றார் பேராசிரியர்.
திருத்தத்துக்கு வந்த லைக் அறுபத்தொன்று,
அதில் ஒன்று என்னுடையது.
இந்தப் படத்தையாவது எடுக்கலாமா என்று
அவள் என்னைக் கேட்கச் சொன்னாள். கேட்டேன்.
டெல்பின் புருஷனின் தலைமுடியைக் கையால் ஒதுக்கிவிட்டு
என்னைத்தான் பார்த்தாள், அவளை அல்ல.
'எடுக்கட்டு. எனக்க ஆளுன்னு எழுது.
எனக்க. அத விட்றாத.'

வண்டி வந்தது பன்னிரண்டே முக்காலுக்காம்.
பெட்டிக்கு அறுநூறு குறைத்து எடுத்துக்கொண்டு போனான்.
நாங்கள் அப்போது குளச்சலில்
சாப்பாட்டைப் படமெடுத்துக்கொண்டிருந்தோம்.
அறுநூறு என்பதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன்.
யாரும் அதை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

சாயங்காலம் எண்ணூறு ரூபாய் தந்தார்கள்.
பஸ் காசை மறந்துவிட்டார்கள்.
நானும் கேட்கவில்லை.