காந்தம் காதில் போட்டுக்கொள்வதில்லை

மார்யுக்கா கயானி ஊரில் என் பட்டறைக்கு வந்தபோது
கையில் கிட்டார் இல்லை. பலகைகள்.
சௌனாவின் மேல்தட்டு இருக்கை, ஆல்டர் மரம்,
பதினேழு வருட நீராவி குடித்தது.
விவாகரத்தில் வீடு அவனுக்கு, படகு இவளுக்கு.
இருக்கையை மட்டும் நடுவில் அறுத்துக்கொண்டார்களாம்.
"இதில் ஓர் எலெக்ட்ரிக் கிட்டார் செய்து கொடு.
சத்தம் எப்படி இருக்கும்?"

நான் பொய் சொல்லிப் பிழைக்கிறவள்தான்.
போன வாரம்கூட ஒரு பல் மருத்துவரிடம்
மகாகனி தேன் மாதிரி
மேப்பிள் ஜனவரி ஏரி மாதிரி என்றெல்லாம் அளந்து
நானூறு யூரோ கூடுதலாக வாங்கினேன்.
இவளிடம் வாய் வரவில்லை.

இதோ பார், என்றேன்.
கம்பிகளுக்குக் கீழே இருப்பது காந்தம்.
எஃகு அசைந்தால் அதற்குத் தெரியும்.
மரம் என்ன கத்தினாலும்
காதில் போட்டுக்கொள்வதில்லை.

"கொஞ்சம்கூடவா?"

கொஞ்சம் இருக்கலாம்.
கம்பி அடங்கும்போது மரம் அதிலிருந்து
ஏதோ திருடிக்கொள்கிறது என்பார்கள்.
எவ்வளவு என்று கேட்டால்
இந்த ஊரில் இரண்டு இசைக்குழு உடையும்.

சீவுளி ஓடியதும் மரவாசனை வரவில்லை.
சுட்ட சாசேஜ், பீர், யாருடையதோ வியர்வை.
சுருள் சுருளாக விழுந்ததைக் கூட்டி அள்ளினேன்.
கரண்டித் தண்ணீர் சொட்டிச் சொட்டி
ஓரிடத்தில் கறுத்திருந்தது. அதை விட்டுவைத்தேன்.

அகலத்துக்கு ஐந்து பட்டை வேண்டும்.
அவள் பாதியில் நான்குதான் தேறியது.
அவள் அவனிடம் கேட்டிருக்க வேண்டும்;
குஹ்மோவிலிருந்து பஸ் பார்சல் வந்தது.
செய்தித்தாளில் சுற்றிய ஒரு துண்டு, கடிதம் இல்லை.
ஆணிகளை மட்டும்
ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருந்தான்.

மார்ச்சில் சோதனை.
ஒரே காந்தம், ஒரே கம்பி, மூன்று உடல்கள்:
மகாகனி, ஆஷ், சௌனா.
போர்வையைத் திரையாகக் கட்டி நான் வாசித்தேன்.
வெளியே இல்போ, பேஸ் வாசிப்பவன்,
முப்பது வருடக் காது என்று பீற்றுபவன்.
சௌனாவைக் கேட்டதும் கண்ணை மூடி
"மகாகனி! சாக்லேட் சொட்டுகிறது" என்றான்.
அதையே மறுபடி வாசித்தேன்.
"இது வேறே. இது எலும்பு."
திரையை விலக்கியதும்
ஆம்ப்ளிஃபயரைக் குறை சொன்னான்,
பிறகு குளிரை, பிறகு என் விரல்களை.

மார்யுக்காவுக்கும் தெரியவில்லை.
மூன்றும் ஒன்றுபோல இருக்கிறது என்று
வெட்கமில்லாமல் சொன்னாள்.

இல்போ போனபின்
வயரைப் பிடுங்கினாள்.
கிட்டாரின் கொம்பைத் தாடையெலும்பில் அழுத்தி
தடித்த கம்பியை மட்டும்
ஒருமுறை தட்டினாள்.
அறையில் எதுவும் கேட்கவில்லை எனக்கு.
அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.
எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை,
பசைக் கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டேன்.
கழுவி முடித்தும் கழுவினேன்.

"இதில் எது அவனுடையது?"

ஒட்டியவள் நான். இழைத்தவள் நான்.
எண்ணெய் பூசியபின்
ஐந்தும் ஒரே மஞ்சள், ஒரே ரேகை.
நடுவிலோ? ஓரத்திலோ?
ஆணித் துளைகளைக்கூட நானே அடைத்திருந்தேன்.

இடமிருந்து இரண்டாவது, என்றேன்.

கட்டைவிரலால் அந்த இடத்தை
ஒரு தரம் தேய்த்துப் பார்த்துவிட்டுப்
பெட்டியை மூடினாள்.