இருபது பங்கு

பட்டர்வொர்த் வாகனப் பரிசோதனை நிலையத்தில்
பன்னிரண்டு வருடமாய்
புகைக்குழாய்க்குள் கம்பி விட்டு அளப்பவன் நான்.
லோரி, பஸ், மீன் ஏற்றும் வேன்.
அளவு மீறினால் சிவப்பு முத்திரை.
"அண்ணே, இந்த ஒரு தடவை" என்பார்கள்.
நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியில்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மகள்.
பெயர் இன்னும் வைக்கவில்லை.
கணுக்கால் பட்டையில்
'புனிதமலரின் குழந்தை' என்று மட்டும்.
புனிதமலர் கடலுக்கு அக்கரையில்
தையல் காயாமல் படுத்திருக்கிறாள்.

பிறந்தாள், அழவில்லை, நீலமாய் இருந்தாள்.
நுரையீரலின் நாளங்கள்
இன்னும் கருப்பைக்குள் இருப்பதாக நினைத்து
இறுகிக் கிடக்கின்றனவாம்.
ரத்தம் வாசல்வரை வந்து
பழைய குறுக்குவழியில் திரும்பிவிடுகிறது என்றார்
டாக்டர் ஊய்.
பாலம் நெரிசலென்றால்
நாங்களும் மோட்டாரை ஃபெர்ரிக்குத் திருப்புவோம்.
அதனால் புரிந்தது.

வலது கையில் தொண்ணூற்றொன்று.
காலில் எழுபத்தாறு.
முழம் சொச்சம் நீளம்தான் அவள்.
அதற்குள் எப்படி இவ்வளவு தூரம்?

சிலிண்டர் வந்தது.
மிஸ்ஸி ஹஸ்லிண்டா தள்ளிவந்தாள்,
ஒரு சக்கரம் கீச்சிட்டது.
ஒட்டியிருந்த தாளைப் படித்தேன், தொழில் பழக்கம்.
நைட்ரிக் ஆக்சைடு.

தெரியும் எனக்கு இதை.
பயிற்சி வகுப்பின் சுவரில்
கெட்டவர்கள் பட்டியலில் மூன்றாவது வரி.
எஞ்சின் சூட்டில் பிறப்பது,
மழையோடு சேர்ந்தால் அமிலமாவது.

பத்து லட்சத்தில் இருபது பங்கு என்றார் டாக்டர்.
கூடினால் ரத்தத்தைக் கெடுக்கும்,
அடிக்கடி சோதிப்போம் என்றார்.
குழாய் அவள் மூச்சோடு இணைந்தது.
நிறமில்லை, பார்க்க ஒன்றுமில்லை.
கருவியைப் பார்த்து வாய்க்குள் சொன்னேன்:
இந்த ஒரு தடவை.

குணாளன் போன் செய்தான்.
"சிரிப்பு வாயுவா?"
"இல்லடா, அது வேற."
சிரித்துவிட்டு, சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டான்.

எழுபத்தொன்பது. எண்பது.
எழுபத்தெட்டு.
ஹஸ்லிண்டா யாரையும் பார்க்காமல்
எழுதிக்கொண்டே இருந்தாள்.
எண்பத்தாறு.

"ரெண்டு நம்பரும் சேர்ந்துச்சா?"
அக்கரையிலிருந்து புனிதமலர்.
"இன்னும் இல்ல.
ஒரே தெருவுக்கு வந்துட்டாங்க."

சட்டென்று நிறுத்தக் கூடாதாம்.
நிறுத்தினால் நாளங்கள் முறுக்கிக்கொள்ளுமாம்.
இருபது, பத்து, ஐந்து.
அப்புறம் ஒவ்வொன்றாய்.
கடைசி ஒன்றை விடுவதற்குத்தான்
ஒரு பகல் முழுக்க ஆனது.

ஏழாம் நாள் அரைநாள் வேலைக்குப் போனேன்.
முதல் வண்டி மீன் லோரி. கரும்புகை.
"அண்ணே," என்று ஆரம்பித்தான்.
சிவப்புதான் குத்தினேன்.

ஆனால் கை
ஒரு நொடி அந்தக் குழாயின் மேல் போய் நின்றது.
சுட்டது.
எடுத்துக்கொண்டேன்.