புதன்கிழமைக் கணக்கு

பாடப்புத்தகத்தில் ராமு என்று ஒருவன்
ஆண்டுக்கு எட்டு சதவீதத்துக்குக் கடன் வாங்கி
ஒரே நாளில், ஒரே கையால், சில்லறைப் பாக்கியின்றித்
திருப்பித் தந்துவிடுகிறான்.
பதினாறு வருடம் அவனை நம்பியிருந்தேன்.

கருங்கல் பள்ளி, பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு.
இந்த வாரம் புத்தகம் வேண்டாம்,
வீட்டில் எண் எழுதிய தாள் எது கிடந்தாலும்
எடுத்து வாருங்கள் என்றேன்.
கரன்ட் பில் வந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டு.
ரப்பர் ஷீட் விற்ற துண்டுத்தாள்,
எடையை எழுதி, அடித்து, குறைத்து எழுதியது.
பெல்சிட்டா ஒரு மஞ்சள் அட்டையை நீட்டினாள்.
ஓரமெல்லாம் அண்டிக்கறை.

கடன் இருபத்தையாயிரம். வட்டி பன்னிரண்டு.
வாரம் ஐந்நூற்று அறுபது, ஐம்பது வாரம்.
சரியாத்தானே இருக்கு டீச்சர், என்றான் அஜின்,
மூவாயிரம்தானே வட்டி.
நானும் சரி போடத்தான் போனேன்.

"அம்மைக்க கையில தந்தது
இருபத்து மூவாயிரத்துத் தொள்ளாயிரம்தான்.
பெறவு, எல்லா புதனும் கொஞ்சம் கொஞ்சமா அடைக்கோம்லா,
அடைச்ச காசுக்கும் எதுக்கு டீச்சர் வட்டி?"

சாக்பீஸ் பலகையைத் தொடாமல் நின்றது.

பிறகு வகுப்பே சேர்ந்து போட்டது,
வாரவாரமாக, ஐம்பது வரிசை.
பலகை போதாமல் சுவருக்கு இறங்கினோம்.
மணி அடிக்கும்போது பன்னிரண்டு
முப்பத்துமூன்றை ஒட்டி நின்றது.
யாரும் கைதட்டவில்லை.
அஜின் மட்டும் எதையோ
பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினான்.

வசூலுக்கு வருவது யார் என்று கேட்டேன்.
"வினில் சார்."
மாடிப்படித் திருப்பத்தில், நீலப் பலகையில்,
பொன்னெழுத்தில் இருக்கிற வினில்.
கணிதம் நூறு.
தனிவட்டியை அவனுக்கு நடத்தியது நான்,
ராமுவை வைத்து.

அடுத்த புதன், சென்டர் வீட்டு முற்றத்தில்
விரல்ரேகை மிஷின் பெல்சிட்டாவின் அம்மாவை
வழக்கம்போல் அறியவில்லை.
அண்டி எண்ணெய் தின்ற விரல்.
பதினொரு பெண்கள் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு
முதலில் இன்னும் எவ்வளவு மீதி,
எழுதித் தாருங்க என்றார்களாம்.
வினில் போனில் எண்ணை அழுத்தி, அழித்து, அழுத்தி,
"ஆபீசில கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றானாம்.

அன்றும் தவணை கட்டினார்கள்.

இவ்வளவையும் வீட்டுப்பாட நோட்டில் எழுதி
விடை என்ற இடத்தைக்
காலியாக விட்டிருக்கிறாள் பெல்சிட்டா.
சிவப்புப் பேனாவைத் திறந்து, மூடி,
வினிலின் நம்பரைத் தேடுகிறேன்.