மான் குறுக்கே வந்த இரவு

ஹார்லோ வளைவில் லாரி சாய்ந்தபோது
ஒன்பது டன் பூசணி
தானாகவே ஊருக்குள் இறங்கி வந்தது.
பட்டர்நட், ஏகார்ன், கோடு போட்ட டெலிகாட்டா,
பேர் தெரியாத பச்சைக் குண்டுகள்.
ஒன்று தபால் நிலையப் படியில் போய் உட்கார்ந்தது,
கடிதத்துக்குக் காத்திருப்பதுபோல.

தீயணைப்பு நிலையத்திலிருந்து
சம்பளமில்லாத ஆறு பேர் போனோம்.
என் கையில் 'நில்' என்ற பலகை.
நிறுத்துவதற்கு வண்டி எதுவும் வரவில்லை.
ஓட்டுநர் கம்பளி போர்த்திக்கொண்டு
மான் குறுக்கே வந்தது என்றார்.
ஆல்டன் பிக்கரிங். ஐம்பத்தெட்டு வயது.
வலது தோளெலும்பு முறிவு.
மான், என்று எழுதிக்கொண்டார் காவலர்.

தார்ச்சாலையில் பிரேக் தேய்ந்த தடமே இல்லை.
டார்ச் பிடித்திருந்த ஆறு பேருக்கும் அது தெரியும்.
தூக்கத்துக்குக் கொம்பு முளைத்த கதையை
யாரும் திருத்தவில்லை.

அடிபட்ட காயை விற்க முடியாது, எடுத்துக்கொள்ளுங்கள்
என்றது காப்பீட்டுக் கம்பெனி.
அந்த வாரம் வெர்மான்ட்டின் எங்கள் மூலையில்
எல்லா வீட்டிலும் சூப்.
திங்கள் சூப். செவ்வாய் இஞ்சி போட்ட சூப்.
புதன் ரொட்டி, ரொட்டிக்குள்ளும் அதுவே.
வெள்ளிக்குள் என் மகள் வேடா
ஆரஞ்சு நிறச் சட்டையைக்கூடப் போட மறுத்தாள்.

சனிக்கிழமை நிலையத்தில் இலையுதிர்கால விருந்து.
பிக்கரிங்கும் வருகிறாராம்,
கை தூளியில் தொங்க, விடுதி அறையில்
ஐந்து நாளாகத் தொலைக்காட்சியோடு இருக்கிறார்.
ஸ்பூனை இடக்கையில் பிடித்தால் சட்டைதான் குடிக்கும்.
அதனால் சூப் வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

டெலிகாட்டாவுக்குத் தோல் சீவ வேண்டியதில்லை.
குறுக்கே வெட்டு, விதையைச் சுரண்டு,
வளையங்கள். சுண்டுவிரல் கனம்கூட வேண்டாம்.
உப்புத் தூவி விட்டுவிடு.
கால் மணி நேரத்தில் அது
தன்பாட்டுக்கு வியர்க்கத் தொடங்கும்.
துடைக்காமல் அவசரப்படுகிறவர்கள்தான்
அடுப்பைக் குறை சொல்கிறவர்கள்.
நானும் இரண்டு தட்டு அப்படிச் சொன்னேன்.

மூன்றாவது தட்டு:
துணியால் ஒற்றி, சோளமாவில் புரட்டி,
முட்டையில் முக்கி, காய்ந்த ரொட்டித் தூளில்,
கொஞ்சம் பாலாடைக்கட்டி, மிளகு, சேஜ் இலை.
ஒன்றையொன்று தொடாமல் அடுக்கு.
நெருக்கி வைத்தால் புழுங்கும், மொறுமொறுக்காது.
நானூற்று இருபத்தைந்து டிகிரி. பாதியில் திருப்பு.
அடுப்புக் கண்ணாடி முன்னால் மண்டியிட்டுப் பார்த்தேன்,
ஓரங்கள் மேப்பிள் இலைபோல் சிவக்கும்வரை.
வெளியே நிஜ மேப்பிள் ஏறக்குறைய மொட்டை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதாம்.
ரொட்டித் தூளில் முடிந்தது.
வேடா ஐந்து விரலிலும் மோதிரமாக மாட்டிக்கொண்டு
இது என்ன என்று கேட்காமலே தின்றாள்.

பிக்கரிங் எனக்கு எதிரே உட்கார்ந்தார்.
ஒன்று. மூன்று. ஏழு.
மீசையில் தூள்.
நீள மேசை முழுக்கக் கறுக் முறுக்,
முப்பது நாற்பது பேர் சருகில் நடப்பதுபோல.
அந்தச் சத்தத்துக்குள் அவர் குனிந்து,
தட்டைப் பார்த்து,
மான் இல்லை, என்றார்.
முந்தின நாளும் தூங்கவில்லை, என்றார்.

இரண்டு நாற்காலி தள்ளிக் காவலர்
கடித்துக்கொண்டிருந்தார்.
என் வாயிலும் ஒன்று இருந்தது.
மெல்லுவதை நிறுத்தியிருக்கலாம்.
நிறுத்தவில்லை.

என்ன சொன்னீர்கள், கேட்கவில்லை, என்று
தட்டை அவர் இடக்கைப் பக்கம் நகர்த்தினேன்.
அவர் என்னை வெகுநேரம் பார்த்தார்.
பிறகு, இன்னும் இருக்கிறதா, என்றார்.

கொட்டகையில் நானூறு கிலோ இருக்கிறது.