சிறிய கட்டம்

"பிறந்த ஊர்?"
கடவுச்சீட்டு அலுவலகத்து இரண்டாம் மேசையில்
ஊ சோ தெய்ன், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி.

பெகு என்றேன்.
ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினேன்.
மங்கிய ஆங்கிலத்தில் அதிலும் பெகு.
அப்படி ஓர் ஊர் இப்போது இல்லை என்றார்.

தெரியும்.
பள்ளிக்கூடம் போகும் வழியில் பார்த்தேன்,
ரயில் நிலையப் பலகையில்
ஆங்கில எழுத்துகளை ஒருவன் சுரண்டிக்கொண்டிருந்தான்.
மேலே இருந்த வட்ட வட்டப் பர்மிய எழுத்துகளை
யாரும் தொடவில்லை.
அவை பழையபடியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.
நாங்களும் அன்று பழையபடியே
வடை விற்றோம், வட்டி கட்டினோம்.

மோன் ராஜாக்களுக்கு ஹம்சாவதி.
பர்மிய நாக்கில் ஹந்தாவதி.
வட்டிக்கடைப் பேரேட்டில் கொம்பு நீண்டு பேகு.
கடல் விலகிய மேட்டில் ஓர் அன்னம் நிற்கத்தான் இடமிருந்ததாம்.
ஆண் நின்றது,
பெண் அதன் முதுகில் ஏறிக்கொண்டது.
அங்கே ஒரு பேரரசு வரும் என்று
பார்த்தவர்கள் சொன்னார்களாம்.
எங்கள் வீட்டில் அன்னம் என்றால் பறவையில்லை.
அப்பா ஆலையில் உமி அள்ளிவிட்டு வந்தால்
பானையில் கிடப்பது.
கிடக்காத நாளும் உண்டு.

அரண்மனையைத் தோண்டிய வருஷம்
கூலிக்கு மண்கூடை சுமந்தேன்.
சேற்றுக்குள் தேக்குத் தூண்களின் அடிக்கட்டைகள்,
இத்தனை நூறு வருஷமாகியும் உளுக்காமல்.
ஒன்றில் ஏதோ வெட்டியிருந்தது.
அரசன் பெயரா என்று கேட்டேன்.
இல்லை, மரம் அனுப்பிய ஊரின் பெயர் என்றார் மேஸ்திரி.
அன்று முழுக்கக் கூடை கனத்தது.
எந்தெந்த ஊரோ தாங்கிய கூரை.
அதன் கீழே உட்கார்ந்தவன்
தன் ஊரை என்னவென்று கூப்பிட்டானோ,
கட்டைக்குத் தெரியவில்லை.

"மகள் பினாங்கில் இருக்கிறாள்,
பிரசவத்துக்குப் போகணும், ஐயா.
எதையாவது எழுதுங்கள்."

ஊ சோ தெய்ன் பேனாவை உதறினார்.
கட்டம் சிறியது,
ஒரு பெயர் நிற்கத்தான் இடம்.
பகோ என்று எழுதினார்.
கொஞ்சம் யோசித்து,
அதன் முதுகில் பொடி எழுத்தாகப் பெகுவை ஏற்றினார்.

"அடுத்தது, உன் பெயர்.
வேறு பெயர் இருந்தால் அதுவும்."

டோ மியா ந்வே என்றேன்.
அஞ்சலாட்சி என்று சொல்லுமுன்
எட்டிப் பார்த்தேன்,
கட்டம் எவ்வளவு அகலம் என்று.