பதினான்காம் கூண்டு

மபூட்டோ விமானம் இறங்கிவிட்டதென்று
பலகை சொல்லுமுன்னே
காலணிகள் சொல்லிவிடும் எனக்கு.
தாழ்வாரத்தின் அந்தக் கோடியில்
பாதி ஓட்டம், பாதி நடை,
அவசரமே இல்லை என்று காட்டிக்கொள்ளும் அவசரம்.

லிஸ்பனில் இன்னும் விடியவில்லை.
ஆளுக்குத் தொண்ணூறு நொடி என்கிறார் துவார்தே.
தொண்ணூறு நொடியில்
ஒரு முட்டைகூட வேகாது.
ஆனாலும் கண்ணில் பட்டுவிடுகிறது:
படத்திலிருந்த கன்னம் இப்போது இல்லாதது,
ஒற்றைத் தோடு தொலைந்தது,
பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த கணவன்
புதிய கடவுச்சீட்டில் உதிர்ந்துபோனது.

இன்றைக்கு என் வரிசையில் ஐந்து பேர்
ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்.
பிறந்த நாளை யாரும் எழுதிவைக்காதவர்களுக்கு
அரசாங்கம் கொடுக்கிற நாள் அது.
ஒருவரையொருவர் அறியாமல்
மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

நான்காமவர் அபக்கார் மொமாதே.
வயது அறுபத்தெட்டு, அல்லது அதன் அக்கம்பக்கம்.
புது மேற்சட்டை. விலைச்சீட்டைக் கிழித்த நூல்
மணிக்கட்டில் இன்னும் தொங்குகிறது.
"எதற்காக வந்தீர்கள்?"
"மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது."
"எத்தனை நாள் இருப்பீர்கள்?"
"அவள் போதும் என்கிறவரை."
கணினியில் அப்படியொரு கட்டம் இல்லை.
முப்பது என்று தட்டினேன்.

"வலது கை. நான்கு விரல்கள். கண்ணாடிமேல்."
வைத்தார்.
பச்சை வெளிச்சம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி
நின்றுவிட்டது.
அழுத்தமாக வையுங்கள் என்றது இயந்திரம்.
அழுத்தினார். நகம் வெளுத்தது.
மூன்றுதான்.

"முந்திரி ஆலை" என்றார்,
மன்னிப்புக் கேட்கிற குரலில் அல்ல,
சொந்த ஊரின் பெயரைச் சொல்வதுபோல.
"நானும் தேடிப் பார்த்தேன், அம்மா.
கொட்டைக் குவியலுக்குள்ளே, சாயங்காலம்வரை."
பிறகு அவரே சிரித்தார்.
நான் சிரிக்கலாமா என்பது
எங்கள் கையேட்டில் இல்லை.

திரை கேட்டது:
விரல் இல்லாதது தற்காலிகமா, நிரந்தரமா?
மாவுக்கட்டு போட்ட விரலுக்கு முதலாவது.
இரண்டாவதை அழுத்தினேன்.

அதோடு முடிந்திருக்கலாம்.
அழைப்புக் கடிதத்தில் அமதோரா,
அவர் வாயில் செதூபல்.
விலாசம் ஒத்துப்போகாவிட்டால்
கண்ணாடிக் கதவுள்ள அந்த அறை,
நீல நாற்காலிகள், தண்ணீர் இல்லாத தண்ணீர்க்குழாய்.
அவர் சட்டைக்குள் கைவிட்டு
கழுத்துக் கயிற்றை மேலே இழுத்தார்.
"வீடு மாறியதும் தபாலில் அனுப்பினாள்.
அவள் வேலைக்குப் போயிருந்தால்
நானே திறந்துகொள்ளலாமாம்."
ஜன்னலுக்கடியில் இருந்த சந்துவழியே
சாவியைத் தள்ளினார்.

சாவிக்கு விலாசம் கிடையாது,
பற்கள் மட்டும்தான்.
நெஞ்சுச் சூடு இன்னும் ஆறாமல் இருந்தது அதில்.
விதி என்ன சொல்கிறதென்று எனக்குத் தெரியும்.
கடிதத்தின் அடியிலிருந்த எண்ணை அழைத்தேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள்.
அவளுக்குப் பின்னால் ஓர் அறிவிப்பு,
கேட்பாரற்ற பெட்டிகளைப் பற்றி.
அதே அறிவிப்பு என் தலைக்கு மேலும்,
அரை நொடி முந்தி.
நடுவில் இருந்தது ஒரு சுவர்தான்.
மூச்சிரைக்க விலாசம் சொன்னாள்,
தெரு, எண், மூன்றாம் மாடி, இடப்பக்கம்.
நான் கேட்காமலே
"அவருக்கு இனிப்பு ஆகாது" என்றும் சொன்னாள்.

முத்திரை குத்தினேன்.
நான்கடி போன பிறகுதான்
என் கையில் இருப்பதைப் பார்த்தேன்.
எழுந்து நின்று கத்தினேன்: "சாவி!"
வரிசை முழுக்கத் தன் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

ஆறரைக்கு துவார்தே வந்தார்.
பதினான்கில் ஒரு பயணிக்குப் பதினோரு நிமிடம்,
காரணம்?
விரல் என்று எழுதிக் கொடுத்தேன்.

அதற்குள் ஐந்தாவது ஜனவரி ஒன்று
கோட்டைத் தாண்டி வந்து நின்றாள்,
எதைக் கழற்றவேண்டும் என்று தெரியாமல்
தொப்பி, கண்ணாடி, ஒரு கால்செருப்பு
எல்லாவற்றையும் கையில் பிடித்தபடி.